அரைச் சுற்றுத் திருகில் ஒரு சனி வளையம்

புதிதாக டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியவர்கள் முதல் மாதத்துக்குள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்ணாடி சரியில்லையோ?" நிலவு நன்றாகவே தெரிந்திருக்கும். கார்த்திகைக் கூட்டம் கண்ணைப் பறித்திருக்கும். ஆனால் வியாழன் பக்கம் திருப்பினால் பட்டைகள் ஏதுமில்லாத மங்கல் வட்டு. சனியின் வளையம் கோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரகாசமான விண்மீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாக வால் முளைத்திருக்கும். சேமித்த பணத்தில் வாங்கியவருக்கு மனம் விட்டுப்போவது இயல்பு.

என் 8 அங்குலக் குழாயோடு நான் கழித்த முதல் மூன்று வாரங்களும் இப்படித்தான் போயின. பிறகு ஓர் இரவு, அனுபவமுள்ள நண்பர் ஒருவர் மாடிக்கு வந்தார். குழாயின் அடியில் உட்கார்ந்து, ஆடியின் பின்னாலுள்ள திருகு ஒன்றை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். "இப்போ பாருங்க" என்றார். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே கறுப்பு வானம் தெரிந்தது. மூன்று வாரமாக நான் சந்தேகப்பட்ட அதே கண்ணாடிதான் அதைக் காட்டியது.

மிருதங்கம் வாசிப்பவர் கச்சேரிக்கு முன்னால் கல்லும் புள்ளும் எடுத்துத் தட்டிச் சுருதி சேர்க்கிறார். நேற்றுச் சேர்த்ததுதானே என்று விட்டுவிடுவதில்லை. டாப்சோனியனும் அந்த வகைக் கருவி. கடையிலிருந்து வரும்போது அது முக்கால்வாசிதான் முடிந்திருக்கிறது. மீதிக் கால்வாசி வாங்கியவரின் கையில். அந்தக் கால்வாசியை யாரும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கருவியின் பிறப்பைச் சொன்னால் அதன் குணம் புரியும். ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில், விவேகானந்தர் தொடங்கிவைத்த வேதாந்த சங்கத்தின் மடத்தில் சேர்ந்து துறவியானார். காசு இல்லாத துறவிக்கு வானத்தைப் பார்க்கும் ஆசை. அதைவிட, பார்த்ததை ஊருக்கெல்லாம் காட்டும் ஆசை. கப்பல் ஜன்னலுக்குப் போடும் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். கட்டடத் தூண் வார்க்கும் அட்டைக் குழாயை உடலாக்கினார். பிளைவுட் பெட்டி ஒன்றில் அந்தக் குழாயை உட்காரவைத்து, பீரங்கியைப் போல மேலும் கீழும், இடமும் வலமும் திருப்பும்படி செய்தார். தொலைநோக்கி வேலையில் மூழ்கியிருந்ததால் 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அடுத்த ஆண்டே நடைபாதையில் மக்களுக்கு வானம் காட்டும் அமைப்பு ஒன்றை நண்பர்களோடு தொடங்கிவிட்டார். தன் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 2014இல், 98 வயதில் மறைந்தார். இன்று உலகில் எந்தத் தொழிற்சாலை இந்த வகைத் தொலைநோக்கியைச் செய்தாலும் அது டாப்சன் பெயரால்தான் விற்கிறது.

ஆக, இது தெருவில் தூக்கி வைத்துப் பார்க்கப் பிறந்த கருவி. மோட்டார் கிடையாது, எடைக்கட்டி கிடையாது, துருவ நட்சத்திரத்தைத் தேடி அச்சைப் பொருத்தும் வேலை கிடையாது. இந்தக் கடைசி வசதி நம் ஊருக்கு ஒரு வரம். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்துக்கு மேல் 13 பாகைதான் நிற்கும். கன்னியாகுமரியில் வெறும் 8 பாகை. பாதி வீடுகளில் தண்ணீர்த் தொட்டியோ எதிர்வீட்டுச் சுவரோ அதை மறைத்துவிடும். துருவ அச்சை நம்பிய தாங்கிகளை இங்கே சரியாக நிறுத்துவதற்குள் பாதி இரவு போய்விடுகிறது. டாப்சோனியனுக்கு அடியில் உறுதியான தரை போதும். ரசமட்டம் வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

இனி, குழாயை மாடிக்குக் கொண்டுவந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கு என்னுடையதையே சொல்கிறேன்: ஆடியின் விட்டம் 203 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ.; இரண்டின் விகிதத்தை எஃப்/6 என்பார்கள். முதல் தொலைநோக்கியாக அதிகம் விற்கும் அளவுகளில் இதுவும் ஒன்று.

சின்னச் சின்னத் தவறுகளை முதலில் முடித்துவிடலாம். குழாயின் வாய் மூடியில் இன்னொரு குட்டி மூடி இருக்கும். அதை மட்டும் திறந்துவிட்டு, "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய மூடியையே கழற்ற வேண்டும். கண்வில்லை, அதாவது ஐபீஸ், பொருத்தும் இடத்தில் இரண்டு மூன்று இணைப்பு வளையங்கள் வரும்; அவற்றில் நீளமான ஒன்றைப் போட்டால்தான் சில கண்வில்லைகள் குவியும், சிலவற்றுக்குப் போடவே கூடாது. படம் எந்தப் பக்கம் திருகினாலும் தெளியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வளையங்களைத்தான். முதல் இரவுகளில் 25 மி.மீ. கண்வில்லை போதும். 1200ஐ 25ஆல் வகுத்தால் 48 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. தேடுவது 48இல், கூர்ந்து பார்ப்பது 120இல்.

குழாயின்மேல் உட்கார்ந்து இலக்கைக் குறிபார்க்க உதவும் சிறு கருவிதான் குறிகாட்டி, அதாவது ஃபைண்டர். அதைப் பகலிலேயே பொருத்திவிடுங்கள். தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கு நல்ல இலக்கு. அதைப் பெரிய குழாயில் மையத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே அசையாமல் வைத்து, குறிகாட்டியின் சிறு திருகுகளால் அதன் சிவப்புப் புள்ளியை அதே விளக்கின் மேல் நிறுத்த வேண்டும். இலக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். குறிகாட்டி குழாயின் அச்சிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 100 மீட்டர் தூரத்துத் தென்னையில் இரண்டையும் பொருத்தினால், வானத்துக்குப் போகும்போது நிலவின் விட்டத்தில் கால்வாசி அளவுக்குக் குறி தவறும். ஒரு கிலோமீட்டர் என்றால் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். பகல் வேலை என்பதால் ஓர் எச்சரிக்கை: குழாய் சூரியன் இருக்கும் திசைக்கே போகக் கூடாது. 203 மி.மீ. ஆடி குவிக்கும் வெயில் ஒரு நொடியில் பார்வையைப் பறித்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், வேலை முடிந்ததும் மூடி போட்டுவிட வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆடிகளை நேர்ப்படுத்துவதைக் காலிமேஷன் என்பார்கள். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்து அஞ்சுவது போல வேறெதையும் பார்த்து அஞ்சுவதில்லை. அஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் ஏன் செய்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குழாயின் அடியில் குழிந்து கிடக்கும் முதன்மை ஆடி பரவளைய வடிவம் கொண்டது. அச்சுக்கு இணையாக வரும் ஒளியை மட்டுமே அது பழுதில்லாமல் ஒரு புள்ளியில் குவிக்கும். அச்சைவிட்டு விலக விலக, புள்ளி நீண்டு வால்மீன் போலாகும். இந்தக் கோளாறுக்குக் கோமா என்று பெயர். அச்சைச் சுற்றிப் பழுது தெரியாத ஒரு சிறு வட்டம் உண்டு. எஃப்/6 ஆடிக்கு அதன் விட்டம் ஏறத்தாழ 5 மி.மீ.; எஃப்/5 என்றால் 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. எஃப்/4 என்றால் ஒன்றரை மி.மீ.தான். எஃப் எண்ணின் முப்படியைப் பொறுத்து அது சுருங்குகிறது. குட்டைக் குழாய் தூக்க எளிது, நேர்ப்படுத்தக் கடினம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த வட்டம் கண்வில்லையின் நடுவில் விழும்படி ஆடியைச் சாய்த்து வைப்பதுதான் காலிமேஷன். முதன்மை ஆடியின் பின்னால் மூன்று திருகுகள் முக்கோணமாக இருக்கின்றன. ஒரு திருகின் புரி இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால், அரைச் சுற்று அதை அரை மில்லிமீட்டர் நகர்த்தும். மற்ற இரண்டு திருகுகளையும் சேர்க்கும் கோடு அங்கிருந்து சுமார் 13 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆக ஆடி சாய்வது மிகச் சிறிய கோணம். ஆனால் 1200 மி.மீ. தள்ளிக் குவியும் இடத்தில் அந்தச் சாய்வு அச்சை நான்கரை மில்லிமீட்டர் தள்ளிவிடுகிறது. பழுதற்ற வட்டத்தின் ஆரமே இரண்டரை மில்லிமீட்டர்தான். என் நண்பர் திருப்பிய அரைச் சுற்றுக்குள் சனி வளையம் ஒளிந்திருந்தது இப்படித்தான். காரில் வரும்போது ஒரு மேடுபள்ளம் இந்த அளவுக்குத் திருகைத் தளர்த்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலைக்குத் தேவை ஓர் எளிய துளைமூடி. கண்வில்லை உட்காரும் குழலுக்குப் பொருந்தும் மூடியின் நட்டநடுவில் 2 மி.மீ. துளை, அவ்வளவுதான். முன்பெல்லாம் 35 மி.மீ. ஃபிலிம் ரோல் வரும் டப்பாவின் அடியில் துளையிட்டுப் பயன்படுத்தினார்கள். அளவு கச்சிதமாக இருக்கும். முதன்மை ஆடியின் மையத்தில் ஒரு சிறு வளையம் ஒட்டியிருப்பதையும் பார்ப்பீர்கள். ஆடியில் அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்டிவிடாதீர்கள். குழாயின் வாய்ப்பக்கம் சாய்ந்து நின்று ஒளியைக் கண்வில்லைக்குத் திருப்பிவிடும் சிறு ஆடியைத் துணை ஆடி என்பார்கள்; அந்த இடம் எப்போதும் அதன் நிழலில் கிடப்பது. அதனால் படம் ஒரு துளியும் கெடாது.

குழாயைக் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். துணை ஆடியைத் திருப்பும் எல் வடிவச் சாவி கை தவறினால் முதன்மை ஆடியின் மேல் விழக் கூடாது அல்லவா? துளை வழியே பாருங்கள். சாய்ந்து நிற்கும் துணை ஆடி வட்டமாகத் தெரியும். அதற்குள் முதன்மை ஆடியின் பிம்பம். அதன் விளிம்பில் மூன்று பிடிப்புகள். மூன்றும் ஒரே அளவில் தெரியும்வரை துணை ஆடியின் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒன்றை இறுக்கும் முன் இன்னொன்றைத் தளர்த்துங்கள். அது முடிந்ததும் குழாயின் அடிக்கு வந்து, பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, முதன்மை ஆடியைச் சாய்த்து, அதன் மைய வளையத்துக்குள் உங்கள் துளையின் பிம்பம் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும். கூட ஒருவர் இருந்தால் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் திருப்பலாம். ஐந்து நிமிட வேலை. முதல் தடவை எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பூட்டுத் திருகுகளை முரட்டுத்தனமாக இறுக்கினால் சரிசெய்தது மறுபடி கலைந்துவிடும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு காட்சி உண்டு. எல்லாம் சரியான பிறகும் துணை ஆடியின் கரிய நிழல் மட்டும் நடுவில் இல்லாமல், முதன்மை ஆடியின் பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்கும். குட்டைக் குழாய்களில் நன்றாகவே தெரியும். குவிந்து வரும் ஒளிக்கூம்பைத் துணை ஆடி சாய்வாக வெட்டுவதால் வரும் இயல்பான ஒதுக்கம் அது. அதைத் திருத்தப் போய் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லேசர் கருவி வாங்கினால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் மலிவான லேசர் தானே கோணலாக இருக்கக்கூடும். அதைக் குழலில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஆடியில் விழும் சிவப்புப் புள்ளி வட்டமடித்தால் லேசரையே முதலில் சரிசெய்ய வேண்டும். என் கருத்தில், துளைமூடியில் பழகிய பிறகு லேசருக்குப் போவதே நல்லது. என்ன நடக்கிறது என்று கண் புரிந்துகொண்டிருக்கும்.

கடைசித் தீர்ப்பை விண்மீன்தான் சொல்லும். சுவாதி, சித்திரை போன்ற பிரகாசமான ஒன்று உயரத்தில் இருக்கும்போது, 200 மடங்கு வாக்கில் வைத்து, நட்டநடுவுக்குக் கொண்டுவந்து, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். ஒளிவளையங்கள் விரியும், நடுவில் ஒரு கரும்புள்ளி. வளையங்கள் ஒரே மையம் கொண்டிருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் அகன்றும் இருந்தால், விண்மீனைப் பார்வைப் புலத்தின் வெவ்வேறு ஓரங்களுக்கு நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் வளையங்கள் ஒழுங்காகின்றனவோ, அந்தப் பக்கம்தான் அச்சு ஒதுங்கியிருக்கிறது. விண்மீனை அங்கேயே விட்டுவிட்டு, முதன்மை ஆடியின் திருகால் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே தடவையில் தீராது. இரண்டு மூன்று முறை செய்தால் தீரும்.

விண்மீன் நடுங்கிக்கொண்டே இருக்கிறதே என்று கேட்டால், அது காற்றின் வேலை. ஆடியின் கோணல் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும், அசையாது. காற்றின் கலக்கம் நொடிக்கு நொடி மாறும். இந்த வேறுபாட்டைக் கண் பிரித்தறியத் தொடங்கும் நாளில் நீங்கள் பாதி வானியலாளர் ஆகிவிட்டீர்கள்.

காற்றைச் சொன்னதால் வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ஆடி சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் முகத்தின்மேல் ஒரு மெல்லிய சூட்டுப் படலம் கொதிப்பது போல அலையும். எவ்வளவு நேர்ப்படுத்தியும் பயன் இராது. குளிர்நாட்டு நூல்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் வேறுபாடு சில பாகைகள்தான். முக்கால் மணி நேரம் முன்னதாக மாடியில் வைத்தால் போதும். நம் தொல்லை வேறு. பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளம் நள்ளிரவுவரை அதைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மாலையிலேயே தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டால் வேறுபாடு தெரியும். முடிந்தால் மண் தரையிலோ புல் தரையிலோ வையுங்கள். இன்னொன்று, ஏ.சி. அறையில் குழாயை வைக்க வேண்டாம். கடலோர ஊரின் ஈரக்காற்றில் அதைக் கொண்டுவந்த மறுநிமிடம் ஆடி முழுவதும் நீர்த்திவலை பூத்துவிடும். அப்படிப் பூத்தால் துடைக்கவே கூடாது, தானாக உலரட்டும். ஆடியின் வெளிமுகத்தில் இருப்பது அலுமினியத்தின் மிக மெல்லிய பூச்சு. துணி பட்டால் கீறல் நிலைத்துவிடும்.

கடைசியாக, அசைவு. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 120 மடங்கில், 52 பாகைப் புலம் கொண்ட சாதாரணக் கண்வில்லையின் வழியே, ஒரு கோள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போக ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் குழாயைத் தள்ளிக் கோளை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தள்ள வேண்டிய தூரம் குழாயின் வாயில் வெறும் 2 மி.மீ. சிக்கிக்கொண்டு நின்று, பிறகு திடீரென்று ஒரு சென்டிமீட்டர் துள்ளினால் கோள் காணாமல் போய்விடும். டாப்சனின் வடிவமைப்பின் உயிர் இந்த 2 மி.மீ.இல்தான் இருக்கிறது. மைக்காத் தகட்டின்மேல் டெஃப்லான் துண்டுகள் சறுக்கும்போது, கிளம்பத் தேவையான விசையும் தொடர்ந்து நகரத் தேவையான விசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் வெண்ணெயில் கத்தி போவது போல அது போகிறது.

அது அப்படிப் போகவில்லை என்றால் முதலில் அடிப்பெட்டியின் நடு போல்ட்டைப் பாருங்கள். நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கும். கால் சுற்றுத் தளர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தூசு சேர்ந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. சில நாளில் தூசோடு சேர்ந்து பிசினாகிவிடும். கனமான கண்வில்லை போட்டதும் குழாயின் முன்பக்கம் தானாகத் தாழ்ந்தால், இரும்புக் குழாயாக இருக்கும்பட்சத்தில், பின்பக்கம் ஒன்றிரண்டு காந்தங்களை ஒட்டிச் சமப்படுத்தலாம்.

நம் அட்சரேகையில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். இங்கே விண்மீன்கள் கிழக்கில் ஏறத்தாழ நேர்குத்தாக ஏறி, பல தலைக்கு மேலாகவே கடந்து, மேற்கில் நேர்குத்தாக இறங்குகின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் குழாயை மேலும் கீழும் மட்டும் நகர்த்தினால் பெரும்பாலும் போதும். இது பெரிய வசதி. ஆனால் உச்சியை நெருங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். குழாய் செங்குத்தாக நிற்கும்போது இட வலத் திருப்பத்துக்குப் பிடிமானமே இராது. கிழக்குப் பார்த்த குழாயைச் சில நிமிடத்தில் மேற்குக்குச் சுற்ற வேண்டியிருக்கும். கோள் உச்சிக்கு வரும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அது உச்சியைத் தாண்டி இறங்கும்வரை காத்திருங்கள். வடநாட்டுக்காரர்களும் ஐரோப்பியர்களும் அடிவானத்தை ஒட்டித் துழாவும் தெற்கு வானம் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து கன்னியாகுமரியில் 34 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில், ஊர் விளக்கிலிருந்து சற்றே விலகிப் போய், 48 மடங்கில் அதைப் பாருங்கள்.

குழாய் சரியாகிவிட்டதென்று தெரிந்ததும் அதை மாடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அமாவாசை கழிந்த நான்காம் ஐந்தாம் நாள், பிறை மேற்கில் நிற்கும் மாலையில், வாசலுக்கு இறக்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் பாட்டிமார்களையும் கூப்பிடுங்கள். நிலவின் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் மலைமுகடுகள் நிற்பதை ஒவ்வொருவரும் வேண்டுமட்டும் பார்க்கட்டும். பின்னால் வரிசை நீண்டாலும் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு ஸ்டூலும் போட்டுவிடுங்கள்.